ராஜகிரிப் படியில் விட்டுப்போன தையலும் பிடித்துக்கொண்ட முன்பணமும்: புகார் கடிதம்

அனுப்புநர்:
நடைப்பயணக் குழுவினர், புதுச்சேரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சுற்றுலா மற்றும் பயணப்பை வாடகைப் பிரிவு, புதுச்சேரி.

பொருள்: பழுதான பைகள், தவறான வழித்தாள், முன்பணம் 4,000 ரூபாயைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் தங்களிடம் இரண்டு நாள் தொல்லிடப் பயணத் திட்டத்தை எடுத்தோம். 50 லிட்டர் முதுகுப்பை நான்கும் அச்சிட்ட வழித்தாளும் கொடுத்தீர்கள். முன்பணம் பைக்கு 2,000 ரூபாய். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு பைகளின் தோள்வார் கழன்று வந்துவிட்டது. "அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருக்கிறீர்கள்" என்று சொல்லி அந்த இரண்டு பைகளுக்கான முன்பணத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். இந்தக் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை.

கிளம்பும் முன் பைகளைத் தங்கள் கடைத் தராசில்தான் நிறுத்தோம். ரசீதின் பின்புறம் தங்கள் ஊழியர் கைப்பட எழுதிய எடை 10.6 கிலோ, 11.2 கிலோ. பையின் உள்லேபிளில் 15 கிலோ வரை என்று போட்டிருக்கிறது.

இரண்டு பைகளும் விட்டது ஒரே இடத்தில்: இடது தோள்வாரின் கீழ்நுனி, பையின் அடிமூலையில் முக்கோணத் துண்டோடு சேரும் இடம். திருப்பிக் கொடுக்கும் முன் எடுத்த படங்களைப் பாருங்கள். வார் இழுபட்டு நீளவில்லை. அதன் நுனியில் சூடுவைத்து உருக்கிய விளிம்புகூட அப்படியே இருக்கிறது. பக்கிளில் கீறல் இல்லை. துணி குறுக்கே கிழியவும் இல்லை. இருப்பதெல்லாம் வரிசையாக ஊசித் துளைகளும், விளிம்பில் பிரிந்து நிற்கும் இழைகளும்தான். மடிப்புக்குள் விட்டிருக்கும் துணி வெறும் 4 மி.மீ. அதன்மேல் ஒற்றைத் தையல். சுமை தாங்கும் மூலையில் குறைந்தது ஒரு செ.மீ. மடிப்பு விட்டு, முனையில் நெருக்கமாக முன்னும் பின்னும் அடிக்கும் பார்டேக் தையல் போட வேண்டும். பள்ளிப் பைக்கே அதைப் போடும் தையற்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பார்டேக் இல்லாததால் தையல் துணி விளிம்பை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அதிக எடையால் அறுந்த வார் இப்படி இருக்காது.

இன்னொரு குறை இடுப்பு வாரில். 25 மி.மீ. பக்கிளில் 20 மி.மீ. பட்டையைக் கோத்திருக்கிறீர்கள். பட்டை உள்ளே சாய்ந்து, நடக்க நடக்க நழுவித் தளர்கிறது. முதுகுப்பையின் பாரத்தில் பெரும்பங்கை இடுப்பெலும்புதான் தாங்க வேண்டும். இடுப்பு வார் தளர்ந்ததும் முழுப் பாரமும் தோளுக்கு ஏறி, அங்கிருந்து அந்த 4 மி.மீ. மடிப்புக்குப் போகிறது. இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் பை ஒரு குதி குதிக்கும். ஏறும்போது தாங்கிய தையல் இறங்கும்போது விட்டது இதனால்தான்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னே பாறைப் பிளவு, அதன்மேல் பாலம். அந்த இடத்தில் வார் விட்டிருந்தால் பை ஒரு பக்கமாய் இழுத்து ஆளைத் தடுமாற வைத்திருக்கும். பாலத்தைத் தாண்டிக் கீழே வந்தபின் விட்டதால் ஒருவருக்கும் அடிபடவில்லை.

அந்தப் பையோடு மலையேறச் சொன்னதே தங்கள் வழித்தாள்தான். 11 மணிக்கு ஏறி 12 மணிக்கு இறங்கிவிடலாம் என்கிறது. சுமையோடு ஏறவே ஒன்றரை மணி நேரம் வேண்டும், மேலே பார்த்துவிட்டு இறங்க மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆகும். உச்சி வெயிலில் கருங்கல் படி கொதிக்கும். வழியில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டராவது கையிலிருக்க வேண்டும். பெரிய பையைச் செஞ்சி ஊரில் அறை எடுத்து வைத்துவிட்டு, வாய் மூடிய சின்னப் பையோடு காலை 9 மணிக்குக் கோட்டை திறந்ததும் ஏறுவதே முறை. பக்கவாட்டு வலைப்பையில் தின்பண்டம் வைக்கலாம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள குரங்குகளுக்கு அதுவே அழைப்பு.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். சிதம்பரம் 12.30, கங்கைகொண்ட சோழபுரம் 2.30 என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் பூசை நடக்கும் கோயில்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். இரண்டு இடத்திலும் சாத்திய கதவைத்தான் பார்க்க முடியும்.

தகவல் பிழைகளையும் சொல்லியாக வேண்டும். பாறையைக் குடைந்து ஆக்கிய மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலை "செங்கல்லும் மரமும் கொண்டு கட்டியது" என்கிறது தாள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி ஆக்கியது என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கேயே கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தின் பெருமையே அதுதான். புதுச்சேரிக்கு அருகே உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் "ரோமானியத் தூண்களைக் காணலாம்" என்கிறது. அங்கே நிற்பவை பிற்காலத்துச் செங்கற் சுவர்கள். 1945இல் தொல்லியலாளர் வீலரும் அவருக்குப்பின் வந்தவர்களும் தோண்டிய குழிகள் மூடிவிட்டன. மணிகளையும் பானை ஓடுகளையும் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும். அதைத் திங்கட்கிழமையில் சேர்த்திருக்கிறீர்கள், அன்று விடுமுறை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த தூண்கள் நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. தங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான், அதைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒருமுறையாவது நடந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

எங்கள் கோரிக்கை இவைதான். பிடித்த 4,000 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இதே வகைப் பைகள் அனைத்தையும் வாடகையிலிருந்து எடுத்து, நான்கு மூலைகளிலும் பார்டேக் போட்டு, இடுப்புப் பட்டையை 25 மி.மீ.க்கு மாற்றியபின்தான் கொடுக்க வேண்டும். பழைய வழித்தாளை உடனே நிறுத்த வேண்டும். திருத்தித் தரச் சொன்னால் நேரக் கணக்கோடு நாங்களே எழுதித் தருகிறோம், அதற்குப் பணம் வேண்டாம்.

15 நாட்களில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவோம்.

இணைப்பு: எடை குறித்த ரசீது நகல், பை மூலைகளின் படங்கள் 6, குறியிட்ட வழித்தாள்.

இப்படிக்கு,
நடைப்பயணக் குழுவினர்