செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: நாட்டின் தரவரிசையும் நம் பட்டறைகளின் நிலவரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, கோயம்புத்தூரின் கணபதி, சங்கனூர், சின்னவேடம்பட்டி பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நம் சிறு பட்டறைகளின் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் பம்பு உதிரிபாகம் செய்யும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "உலக அளவுல இந்தியா இத்தனையாவது இடத்துக்கு வந்துடுச்சுன்னு பேப்பர்ல போடறாங்க. எனக்கு வர வேண்டிய பில் பணம் மட்டும் ஏனுங்க மூணு மாசம் ஆகுது?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரிடமும் அதற்கு நேரான பதில் இல்லை. அந்தக் கேள்வியையே இந்த ஆண்டின் வேலையாக எடுத்துக்கொள்வது என்று செயற்குழு முடிவு செய்தது. உலகத் தரவரிசைகள் எதை அளக்கின்றன, அந்த அளவுகளில் நம் பட்டறைகள் எங்கே நிற்கின்றன என்று மாதக் கூட்டங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பட்டயக் கணக்காளர்கள், ஏற்றுமதி ஏஜென்ட்கள், வங்கி மேலாளர்கள் வந்து பேசினார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டது உலக வங்கி வெளியிட்டுவந்த, தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று சொல்லும் பட்டியல். 2015ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 142ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2020க்கான அறிக்கையில் 63ஆவது இடத்துக்கு வந்தது. பெரிய முன்னேற்றம்தான், அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவுக்கான அளவு எடுக்கப்பட்டது மும்பை, டெல்லி என்ற இரண்டு நகரங்களில் மட்டும்தான். கோயம்புத்தூரில் யாரும் எதையும் அளக்கவில்லை. அப்புறம், 63 என்பது பத்துத் தலைப்புகளைச் சேர்த்து வந்த எண். பிரித்துப் பார்த்தால் மின் இணைப்பு பெறுவதில் 22ஆவது இடம், கட்டட அனுமதியில் 27ஆவது இடம். தொழில் தொடங்குவதில் 136. சொத்துப் பதிவில் 154. ஒப்பந்தப்படி பணத்தை வாங்கித் தரும் நீதிமன்ற நடைமுறையில் 163! ஒரு வணிக வழக்கு முடிய 1,445 நாட்கள் ஆகும் என்று அதே அறிக்கை சொன்னது. ஏறக்குறைய நான்கு வருடம்.

நம் உறுப்பினரின் கேள்விக்குப் பதில் அந்த 163இல்தான் இருக்கிறது. மின் இணைப்பும் கட்டட அனுமதியும் ஒரு பட்டறைக்கு ஆரம்பத்தில் ஒருமுறை வேண்டியவை. பில் பணம் மாதாமாதம் வேண்டியது. மாதாமாதம் வேண்டியதில் நாம் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, ஒருமுறை வேண்டியதில் முன்னேறியதால் மொத்த எண் ஏறியிருக்கிறது.

அந்தப் பட்டியலையே உலக வங்கி 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்ததாக விசாரணையில் தெரிந்தது. இந்தியாவின் பெயர் அதில் இல்லை. அதற்குப் பதிலாகப் பி-ரெடி என்ற புதிய மதிப்பீட்டை 2024இல் வெளியிடத் தொடங்கினார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், அரசு தரும் சேவையையும், நடைமுறையில் நிறுவனங்கள் எவ்வளவு சுலபமாக வேலையை முடிக்கின்றன என்பதையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நிறுவனங்களிடமே நேரடியாகக் கேட்கவும் செய்கிறார்கள். இந்தியாவில் கேட்கும்போது சிறு பட்டறைகளையும் கேட்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் விருப்பம்.

சட்டம் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டி. 2023–24இல் பேங்க் ரேட் 6.75 சதவீதமாக இருந்தது, அப்படியானால் வட்டி 20.25 சதவீதம். இந்த வட்டியை நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்? கூட்டத்தில் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. புகார் கொடுக்க 2017லிருந்து சமாதான் இணையதளம் இருக்கிறது. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஒரே கம்பெனிக்கு மட்டும் வார்ப்பு அடித்துக் கொடுக்கும் பட்டறை, அந்தக் கம்பெனி மீது எப்படிப் புகார் கொடுக்கும்?

அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) பிரிவை இந்த ஆண்டின் முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2023–24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை மேற்சொன்ன கெடுவுக்குள் தராமல் மார்ச் 31ஐத் தாண்டி நிலுவையில் வைத்தால், வாங்கிய கம்பெனி அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. எப்போது கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் கழிக்க முடியும். இங்கே நாம் யார் மீதும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஆடிட்டரே அவர்களைக் கேட்பார். பிப்ரவரி, மார்ச்சில் பழைய பாக்கி வந்து சேர்ந்ததாகப் பல உறுப்பினர்கள் சொன்னார்கள். அதே சமயம் "குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்த உங்கள் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை" என்று சில இடங்களில் நெருக்கடியும் வந்தது. யாரும் ரத்து செய்யக் கூடாது என்று சங்கம் சுற்றறிக்கை அனுப்பியது. உத்யம் பதிவு இல்லாத பட்டறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பதிவு முழுக்க இலவசம். இன்னும் பதியாதவர்கள் இன்றைக்கே சங்க அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம், இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து டிஜிட்டல் போட்டித்திறன். சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஐ.எம்.டி. நிறுவனம் ஆண்டுதோறும் தரும் பட்டியல்களில் இரண்டை எடுத்துக்கொண்டோம். பொதுவான போட்டித்திறனில் இந்தியா 2022இல் 37, 2023இல் 40, 2024 ஜூனில் வந்த பட்டியலில் 39. டிஜிட்டல் போட்டித்திறனில் 2022இல் 44, 2023இல் 49. அதாவது 64 நாடுகளில் 49. இதைப் படித்துக் காட்டியபோது பலருக்கும் வருத்தம். டீக்கடையில்கூட கியூஆர் ஒட்டியிருக்கும் நாட்டுக்கு 49ஆ என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையோடு இணைந்தது. ஆனால் ஐ.எம்.டி. பணம் அனுப்பும் வசதியை மட்டும் பார்ப்பதில்லை. அறிவு, தொழில்நுட்பம், எதிர்காலத்துக்கான தயார்நிலை என்று மூன்று பிரிவில் அளக்கிறது. பயிற்சி, ஆராய்ச்சி, மூலதனம், கணினிப் பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். பல அளவுகள் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. 140 கோடி பேரால் வகுத்தால் எந்தப் பெரிய எண்ணும் சிறியதாகிவிடும். அது ஒரு பகுதி காரணம்தான். மீதி உண்மையான குறை என்பதை நம் பட்டறைகளிலேயே பார்த்தோம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.டி. மின்னணு விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமானது. அதற்கு முன்பே பயிற்சி முகாம் நடத்தினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டறை முதலாளிகள் இல்லை, அவர்களுடைய மகன், மகள், மருமகள்தான். ஒரு மருமகள் இரண்டாம் நாளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். நம் பகுதியின் டிஜிட்டல் பலம் என்று நான் நம்புவது இவர்களைத்தான். வருகிற ஆண்டு செயற்குழுவில் இவர்களுக்கு இடம் தர வேண்டும் என்று தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

விலைப்பட்டியல் இப்படி அரசாங்கக் கணினியில் பதிவாகிவிட்டால் அதை வைத்து உடனே பணம் புரட்ட முடிய வேண்டும். அதற்காகவே டிரெட்ஸ் என்ற தளங்கள் 2017லிருந்து இயங்குகின்றன. பில்லைப் போட்டால், வாங்கிய கம்பெனி ஒப்புக்கொண்டதும் எவ்வளவு கழித்துக்கொண்டு பணம் தருவோம் என்று வங்கிகள் போட்டி போட்டுச் சொல்லும், பணம் உடனே நம் கணக்குக்கு வரும். அந்த ஒப்புதல்தான் சிக்கல். 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் பதிவு செய்தாக வேண்டும் என்று 2023–24இல் விதி இருந்தது, ஆனால் பதிந்த கம்பெனி நம் பில்லை ஒப்புக்கொள்ளாமல் கிடப்பில் போடலாம். நம் ஊரில் ஆர்டர் தரும் பல கம்பெனிகள் அந்த 500 கோடி வரம்புக்குள்ளேயே வரவில்லை. அந்த வரம்பைக் குறைக்க வேண்டும், பொருள் வந்து சேர்ந்து குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்பு வராத பில்லை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மனுவாக மாவட்டத் தொழில் மையம் வழியாக அனுப்பியிருக்கிறோம்.

கணினிப் பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போன விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். பணம் வேறெங்கோ போய்விட்டது. பல வருட வாடிக்கையாளர் அது. தயவுசெய்து எல்லோரும் மெயிலுக்கு இரண்டாவது கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். கணக்கு எண் மாறினால் போனில் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

சரக்குப் போக்குவரத்தில் நல்ல செய்தி உண்டு. உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துக் குறியீட்டில் 2018இல் 44ஆக இருந்த இந்தியா, 2023இல் 139 நாடுகளில் 38க்கு வந்தது. கன்டெய்னர்களில் ரேடியோ அட்டை ஒட்டி எங்கே நிற்கிறது என்று கண்காணிப்பதால் காத்திருப்பு குறைந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 2015இல் 32.4 நாளாக இருந்த காத்திருப்பு 2019இல் 5.3 நாளாகக் குறைந்ததாக அந்த அறிக்கை சொல்கிறது. டிஜிட்டல் வசதி சரியான இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னரைக் கண்காணிக்கிற மாதிரி, நிலுவையில் நிற்கும் பில்லையும் கண்காணிக்க ஏன் முடியாது?

நிதி ஆயோக் 2023 ஜூலையில் வெளியிட்ட ஏற்றுமதித் தயார்நிலைப் பட்டியலில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. சந்தோஷம். ஆனால் இடம் கிடைத்தால் ஆர்டர் தானாக வந்துவிடாது. உலக வங்கியின் 2020 பட்டியலில் வியட்நாம் 70ஆவது இடம், நமக்குப் பின்னால். இருந்தும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் அங்கே குவிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தோடு அவர்கள் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2020 ஆகஸ்டிலேயே அமலுக்கு வந்துவிட்டது. நமக்கு 2024இலும் பேச்சுவார்த்தைதான் நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் திருப்பூர்காரர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். ஐரோப்பாவில் அவர்களுடைய பனியனுக்கு வரி உண்டு, பங்களாதேஷ் பனியனுக்கு இல்லை.

ஐரோப்பாவுக்குப் போல்ட், ஸ்க்ரூ அனுப்பும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியில் காசு வாங்கும் கார்பன் எல்லை வரி முறையின் முதல் கட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. 2025 முடியும்வரை விவரம் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து போகும் சரக்குக்கு இறக்குமதியாளர் காசும் கட்ட வேண்டும். இரும்பு, எஃகு, அலுமினியத்தோடு போல்ட், ஸ்க்ரூ வகைகளும் அதில் அடங்கும். ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட், எவ்வளவு எரிபொருள் என்று இறக்குமதியாளர் நம்மைத்தான் கேட்பார். இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குங்கள். எக்செல் தெரிந்தவர்கள் எக்செலில் போடுங்கள். இதற்கான மாதிரிப் படிவம் தமிழிலேயே தயாரித்துவருகிறோம், முடிந்ததும் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வரும்.

2022 செப்டம்பர் மின் கட்டண உயர்வு, நிலைக்கட்டணம், பீக் அவர் கட்டணம் பற்றிய நம் கோரிக்கைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். மற்ற சங்கங்களோடு சேர்ந்து தொடர்ந்து வலியுறுத்திவருகிறோம். கணினிக் கட்டளைப்படி ஓடும் சி.என்.சி. இயந்திரம் வாங்கியவர்களுக்கு அதை ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு நம் பட்டறைகளிலேயே பழகுநர் பயிற்சி தரும் பேச்சு நடக்கிறது. பயிற்சிக்கு இடம் தர முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

வருகிற ஆண்டுக்குச் செயற்குழு ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் மாதாமாதம் சங்கத்துக்குத் தர வேண்டும். வாங்கிய கம்பெனியின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வெளியே போகாது. நாட்கள் மட்டும் போதும். ஒரு வருடம் சேர்ந்தால் நம் வட்டாரத்தில் பணம் வந்து சேரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று நாமே சொல்லலாம். மனுவோடு அந்தக் கணக்கையும் வைத்தால் எந்த அதிகாரியும் அதைத் தள்ளிவைக்க முடியாது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைத் தீர்மானமாகக் கேட்கிறேன்.

கூட்டம் நடத்த மண்டபத்தைக் கட்டணமில்லாமல் தந்தவர்களுக்கும், பயிற்சி முகாமுக்குக் கணினிகளைத் தூக்கிவந்து வைத்த இளைஞர்களுக்கும், நேரம் ஒதுக்கிவந்து பேசிய கணக்காளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்துப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கைப் படிப்பார்.

செயலாளர்