படத்தைப் புதுசாக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, அப்புறம் பட்டறையில் பழைய படம் சீர் செய்வது என்று ஓடுகிறாய். வகுப்பை விட்டுவிடலாமா என்று போனில் கேட்டாய். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் பூர்வீக வீடான வளவில் இருக்கும் படத்தின் சங்கதி.

தைக் கல்யாணத்துக்குள் அந்தத் தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படத்தைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். சுண்ணப் பொடிப் பசையால் மேடு எழுப்பிய பழைய மக்கை உரித்துப் புதுத் தங்க ரேக்கு ஒட்டி, முகத்துக்கும் வண்ணம் தீட்டித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். நீ வரும்வரை பொறுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பலாப்பலகை உறுதியாக இருக்கிறது. கரையான் சட்டத்தோடு நின்றுவிட்டது. புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய துணி மட்டும் இடது ஓரத்தில் எழும்பியிருக்கிறது. தட்டினால் டொப்பென்று பொள்ளல் சத்தம். கிரீடத்தில் கற்கள் சில விழுந்து மக்கில் குழிதான் மிச்சம். விளக்குப் புகையில் கன்னம் கறுத்துவிட்டது. போகிக்கு வீடு துடைத்தவர்கள் ஈரத் துணியால் ஓர் இழுப்பு இழுக்க, பாதத்துப் பக்கம் நீலம் துணியோடு வந்துவிட்டது. பிசினில் குழைத்த வண்ணம் தண்ணீருக்கு நிற்குமா? எண்ணெய் வண்ணப் படங்களைப் பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்போம் என்றாயே, அது இதற்கு ஆகாது. அதோடு, சாமி படத்தில் எச்சில் வைத்தாய் என்று தெரிந்தால் அப்பத்தா உன்னைப் படியேற விடமாட்டார்கள்.

1939இல் ரோமில் தொடங்கிய மறுசீரமைப்புக் கழகத்தின் முறை என்று ஒன்று சொன்னாயே, உதிர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக வண்ணம் இழைப்பது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. தள்ளி நின்றால் படம் முழுசு. கிட்டே வந்தால் எது பழசு, எது நம் கை வேலை என்று தெரியும். பின்னால் வருகிறவர்கள் வேண்டாமென்றால் நாம் செய்ததை மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் இதைப் பங்காளிகள் தலையில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. அவர்களுக்குப் பளபளப்பு வேண்டும்.

அங்கேதான் உன் வகுப்பு கைகொடுக்கும். அந்நிய மொழியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவளுக்குப் பெரியப்பாவை மடக்குவதா கஷ்டம்? நான் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது படம் சீர் செய்து பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தும்போது பொறுமையாக விளக்கி நிறுத்தத் தெரிந்ததென்றால் அது வகுப்பறை தந்தது. அதனால் வகுப்பை விடாதே.

இன்னொன்றும் அவர்களிடம் சொல். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயா 1964இல் வெறுங்கையோடு திரும்பினார். தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் ஒவ்வொன்றாக விலைக்குப் போன அந்த நாளிலும் இந்தப் படத்தைக் கொடுக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பார்க்கச் சொல், உரித்துப் புதுசாக்கிய படத்தை எவன் மதிக்கிறான் என்று.

அடைமழையில் பசை காயாது. அதனால் மார்கழிப் பாதியில் வந்தால் சரி. டிக்கெட் போட்டதும் சொல். வளவுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னால்தான் மதுரையிலிருந்து வருவார்.

அப்பச்சி