ஊர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன, மழையால் ஒன்று தள்ளிப்போனது. இந்த வருடம் நாம் அதிகம் பேசியது பூண்டைப் பற்றித்தான்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் அது பொதுச் சொத்து. இருந்தும் வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று ரோட்டோரத்தில் விற்பது நிற்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை நம் பூண்டையும் தொடமாட்டார். நம் ஊரில் யாரும் கலந்து விற்பதில்லை என்று கோயில் முன்னால் பேசி முடிவெடுத்தோம். அந்தச் சொல்லை எல்லோரும் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

அப்புறம் விதை. பூண்டுக்குப் பல்தான் விதை. நல்ல பூண்டாகப் பார்த்துத் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவது நம் வழக்கம். கேஸ் அடுப்பு வந்தபிறகு புகை போனது, விதையை விலைக்கு வாங்கும் நிலை வந்தது. கேஸ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரு புகைக்கொட்டகை போட்டோம். எத்தனை நெருப்பு, எவ்வளவு உயரத்தில் கழி என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள். முதல் மாதம் நான் காவல் இருந்த இரவில் நெருப்பு கூடி, ஒரு வரிசைக் கட்டு வெந்துபோனது. அதற்குரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மீதி விதை நன்றாக இருக்கிறது, அடுத்த நடவுக்கு அதுதான்.

நம் பட்டா நிலங்களில் ஓடையோரம் முளைத்த சீகை (வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) கன்றுகளை இளைஞர்கள் பிடுங்கினார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து முளைக்கும். ஆகவே இந்த வேலை வருடா வருடம் தொடர வேண்டும்.

காட்டு மாடு பயிரை அழித்ததற்கு மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. 2024 மே மாதம் முதல் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) இருந்தும், விடுமுறை நாட்களில் கார்களை வளைவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மூட்டை ஏற்றிய குதிரைகள் ஒதுங்க இடமில்லை. இதற்கும் மனு எழுதியிருக்கிறோம்.

கொட்டகையில் விதை வைக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்