குடுவை நன்றாக உடைந்தது

அன்புள்ளவர்களே,

தொடரின் கடைசி நாள் படப்பிடிப்பு நேற்று முடிந்தது. காட்சிகளுக்காக நான் செய்த பொருட்களையெல்லாம் பெட்டியில் அடுக்கும்போது, எதை எடுத்தாலும் உங்களில் ஒருவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் அடுக்குவதை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் அச்சு செய்யும் மோல்டு அண்ணனுக்கு. நாயகி சுவரில் எறிந்து உடைக்கும் குடுவைக்காக மூன்று நாள் களிமண்ணில் மாதிரி செய்து, அச்சு எடுக்க அதன் மேலே, ரப்பர் போல இறுகும் சிலிகானை ஊற்றினேன். மறுநாள் தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. மாதிரியும் பாழ். இரவு பதினொரு மணிக்கு உங்களை அழைத்தேன். "களிமண்ணில் கந்தகம் இருக்கா? சிலிகான் பிளாட்டினம் வகையா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஆமாம். கந்தகம் பட்டால் அந்த வகை சிலிகான் இறுகாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விடிந்ததும் கந்தகமில்லாத களிமண்ணோடும், சிலிகானின் இரண்டு பாகத்தையும் அளவு பிசகாமல் கலக்க உங்கள் சொந்தத் தராசோடும் வந்து நின்றீர்கள். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

அச்சு தயார். எளிதில் உடையும் ரெசின் (வார்த்தால் கண்ணாடி போல இறுகும் பிசின்) வந்து சேர நாளாகும் என்பதால், அதற்குப் பதில் கண்ணாடி போல இறுகும் சர்க்கரைப் பாகில் குடுவையை வார்க்க முடிவு செய்தோம். அங்கேதான் யூனிட் சமையல் அண்ணன் வந்தார். 150 டிகிரியில் இறக்க வேண்டும் என்று நான் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்து முறித்துக் காட்டினார். வளைந்தால் பதம் வரவில்லை, 'டக்'கென்று முறிந்தால் சரி. பாகு மறுபடி சர்க்கரைப் படிகமாகப் பூத்துப்போகாமல் இருக்கக் குளுக்கோஸ் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். சர்க்கரைக் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒட்ட ஆரம்பித்துவிடும். எனவே அன்றன்றைக்கு வார்க்க வேண்டும். அதற்காக அதிகாலை நான்கு மணிக்கே அடுப்பைத் தந்தீர்கள், அண்ணா. ஐந்து வார்த்தோம், அச்சிலிருந்து எடுக்கும்போதே இரண்டு போயின, மூன்று தேறின.

செட் உதவியாளர்களே, உங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சர்க்கரைத் துண்டும் கூராக இருந்தால் கீறும். வெறுங்காலோடு நடக்கும் காட்சி அது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே மண்டியிட்டு, டார்ச் அடித்துத் தரையைத் துடைத்தீர்கள்.

அப்புறம், இன்னொரு காட்சிக்காகப் பழையதுபோல் செய்த அந்தக் கடிதம். தேநீர்ச் சாயம், தேய்ந்த ஓரம் எல்லாம் பார்வைக்குச் சரியாக வந்துவிட்டன. ஒத்திகையில் பிரித்தபோதுதான் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். காகிதத்தின் சரசரப்பு வசனத்தை மூடுகிறதாம். லேசாகத் தண்ணீர் தெளித்துக் கசக்கி உலர்த்தினால் சத்தம் அடங்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கிழிந்தால் மாற்ற மூன்று பிரதிகள் வேண்டும். மூன்றையும் ஒரே கையெழுத்தில், ஒரே இடத்தில் மை கசிய எழுதித் தந்த ஒப்பனை அக்காவுக்கு என் வணக்கம். மடிப்புகள் மாறாதிருக்க ஒவ்வொரு ஷாட்டையும் படமெடுத்து வைத்த உதவி இயக்குநருக்கும் நன்றி.

இரண்டாவது டேக்கில் குடுவை நாங்கள் நினைத்தபடியே சிதறியது. திரையில் அது சில நொடிதான். அந்த நொடிகள் உங்கள் எல்லோருடையதும்.

மோல்டு அண்ணா, தராசைத் துடைத்து வைத்துவிட்டேன். ஞாயிறு காலை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பொருள் செய்பவர்