ருசி ஏன் மாறியது, விலை ஏன் ஏறுகிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

தாண்டிக்குடியிலிருந்து வணக்கம்.

பத்து வருஷமாக நம்மிடம் காப்பிப்பொடி வாங்கும் மதுரை அம்மா ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "தம்பி, டிகாக்‌ஷன் இறக்கினா பழுத்த பலாச்சுளை வாசம் வருதே, பொடி கெட்டுப்போச்சா?" கெடவில்லை அம்மா. இதே கேள்வியை வாட்ஸப்பிலும் பலர் கேட்டிருக்கிறீர்கள். சித்திரை முதல் தேதியிலிருந்து அரைக் கிலோ பாக்கெட் 420 ரூபாயிலிருந்து 480 ஆகிறது என்ற சேதியும் சேர்ந்துகொண்டதால் சிலருக்குக் கோபம். கோபம் நியாயம்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்து, வழவழப்புப் போக ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் அது பார்ச்மெண்ட். உங்கள் நாக்குக்குப் பழகிய அந்த லேசான புளிப்பு அதில்தான் வரும். சந்தையில் விலையும் அதற்குத்தான் அதிகம். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். மார்கழி, தையில் பறிப்பு மும்முரமாக நடக்கும்போது ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. அதில் பல்ப்பர் தண்ணீர் கலந்தால் இரண்டாம் நாளே பாறை இடுக்குகளில் பழுப்பு நுரை கட்டிவிடும். புளித்த மாவு வாடை அடிக்கும். மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பும். இந்த ஓடைகள் சேர்ந்துதான் மருதாநதி. அது அணையில் தேங்கி அய்யம்பாளையத்துத் தென்னைக்குப் பாய்கிறது. மேலே யார் எதைக் கழுவினார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம் நாங்களும் அப்படித்தான் கழுவிவிட்டோம்.

இந்தப் பறிப்பிலிருந்து மூன்றில் இரண்டு பங்குப் பழத்தைத் தோலோடு அப்படியே களத்தில் காயவைக்கிறோம். இதற்குக் கழுவும் தண்ணீரே தேவையில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரம் வெயில் வேண்டும், நாளுக்கு நாலைந்து தடவை கிளறிவிட ஆள் வேண்டும். பழச்சதை கொட்டையோடு ஒட்டியே காய்வதால் அந்தப் பலாச்சுளை வாசம் ஏறுகிறது. புளிப்பு இறங்கி, காப்பி கனமாகிறது. மீதி ஒரு பங்கை இன்னும் கழுவத்தான் செய்கிறோம். அந்தத் தண்ணீர் குழிக்குப் போகிறது, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்த பிறகே வெளியே விடுகிறோம்.

முதல் வருஷம் என்பதால் உதையும் வாங்கினோம். தை நடுவில் மூன்று நாள் விடாத தூறல். தார்ப்பாய் போட்டு மூடினோம், அதுதான் தப்பு. காற்றுப் புகாமல் உள்ளே புழுங்கி, நாலாம் நாள் திறந்தால் ஒரு மூலை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். அந்தக் குவியலை அப்படியே குப்பைக்குழியில் கொட்டினோம். பக்கத்தில் இருந்த இன்னொரு குவியலை "தப்பிச்சிருச்சு" என்று நம்பி வறுத்து அனுப்பினதில் சில பாக்கெட்டுகளில் ஈரச்சாக்கு வாடை. அது பலாச்சுளை வாசம் இல்லை, எங்கள் அசட்டை. அந்தப் பாக்கெட் வந்தவர்கள் பிரித்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். பணமோ வேறு பொடியோ உங்கள் இஷ்டம்.

இனி விலை. ஒரு கிலோ பொடிக்குக் கிட்டத்தட்ட ஏழு கிலோ பழம் வேண்டும், அரைக் கிலோ பாக்கெட்டுக்கு மூன்றரைக் கிலோ. 2024இல் பிரேசிலில் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பிக்கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. அங்கே காய்ந்தால் இங்கே மலையேறி வருகிற வியாபாரியின் விலையும் ஏறுகிறது. பழத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை அந்த வகையில் கிலோவுக்கு 10 ரூபாய் கூடிவிட்டது. அதன் மேல் 6 ரூபாய் நாங்களாகக் கூட்டிக் கொடுக்கிறோம். ஆக உங்கள் பாக்கெட்டில் ஏறும் 60 ரூபாயில் 35 சந்தை செய்தது, 21 நாங்கள் தெரிந்தே செய்தது, மிச்சம் 4 வறுக்கிற கேஸ் விலையும் களத்துக் கூலியும்.

அந்த 6 ரூபாய் சும்மா இல்லை. நன்றாகச் சிவந்த பழமாகப் பறிக்க வேண்டும், நிழல் மரத்தை வெட்டக் கூடாது. பழம் தருகிற ஒன்பது குடும்பங்களோடும் பேச்சு இதுதான். பலாவும் முள்முருங்கையும் இருந்த இடத்தில் சில்வர் ஓக்கை மட்டும் வைத்து மிளகு ஏற்றுவது இப்போது பல தோட்டங்களில் வழக்கம்; மிளகுக் காசு கையில் உடனே நிற்கும், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிழல் போய் வெயில் இறங்கிய செடியை, தண்டைக் குடைகிற தண்டுத்துளைப்பான் வண்டு தேடி வரும். செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர அப்புறம் வழி இல்லை.

"இவ்வளவு நல்லது செய்றீங்க, லாபம் எதுக்கு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் கடைதான் நடத்துகிறோம், தர்மசத்திரம் இல்லை. நூறு ரூபாய்க்கு விற்றால் எல்லாம் போக ஏழு ரூபாய் நிற்கிறது. அதில் இரண்டு தனிக் கணக்கில் போகிறது. குழி வெட்டியதும் அந்தக் காசில்தான், தை மழையில் அழுகிய பழத்துக்குப் பேசின விலையைக் குறைக்காமல் கொடுத்ததும் அந்தக் காசில்தான். லாபம் இல்லாத வருஷம் வந்தால் முதலில் நிற்கப்போவது அந்த 6 ரூபாய்.

பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று ஏன் போடுவதில்லை என்றும் கேட்கிறீர்கள். எங்களிடம் சான்றிதழ் இல்லை. ஒன்பது பேரில் இருவர் இன்னும் தண்டுக்கு மருந்தடிக்கிறார்கள். பிளாஸ்டிக் விஷயத்திலும் பெருமை பேச ஒன்றும் இல்லை: காகிதக் கவரில் அனுப்பிப் பார்த்தோம், சென்னை போய்ச் சேர்வதற்குள் மணம் போய்விட்டது. கூரியருக்கு இன்னும் உள்ளே பிளாஸ்டிக் ஒட்டிய கவர்தான். கடைக்கே வருகிறவர்கள் எவர்சில்வர் டப்பா கொண்டுவந்தால் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம். டப்பா ஈரம் இல்லாமல் இருக்கட்டும், தயவுசெய்து.

பழைய ருசிதான் வேண்டும் என்பவர்கள் ஆர்டர் போடும்போது 'கழுவினது' என்று எழுதுங்கள். இருப்புத் தீரும்வரை அது மட்டும் தனியாக அரைத்து அனுப்புகிறோம், விலை ஒன்றுதான். புதுப்பொடியில் டிகாக்‌ஷன் இறக்கும்போது தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கிறது. பங்குனிக்குள் பணம் கட்டியவர்களுக்குப் பழைய 420தான்.

இப்படிக்கு,
காப்பிப்பொடிக் கடையிலிருந்து,
தாண்டிக்குடி