‘மாற்று ஏற்பாடு’ என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுவாரம், கல்வியில் முந்தி நிற்கும் மாவட்டங்களைப் பற்றியும் விருது வாங்கிய அரசுப் பள்ளிகளைப் பற்றியும் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நான் விருதுநகர் மாவட்டத்துக்காரி. 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் எடுத்து 2019இல் ஓய்வுபெற்றவள். 2025 முடிவில் சிவகங்கை 98.31 சதவீதத்தோடு முதலிடம், எங்கள் மாவட்டம் 97.45 சதவீதத்தோடு இரண்டாமிடம் என்ற பட்டியலைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. எதிர்வீட்டில் காட்டலாம் என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் மூன்றாவது பத்தியின் கடைசி வரி கண்ணில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தலைமை ஆசிரியர் சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். தேர்ச்சி பெறச் சிரமப்படும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டறிந்து ‘மாற்று ஏற்பாடு’ செய்ததால்தான் பள்ளி சாதனை படைக்க முடிந்தது என்பது அதன் சாரம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று அதில் இல்லை. இருந்திருந்தாலும் நான் இங்கே எழுதமாட்டேன். எனக்கு வலித்தது வேறு. அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்களுக்கு அர்த்தம் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆள் வைத்துச் செய்தி சேகரிக்கிற பத்திரிகை உங்களுடையது. தெரிந்தும் அதைச் சாதனையோடு சேர்த்து அச்சடித்திருக்கிறீர்கள்.

தெரியாத வாசகர்களுக்காக நானே சொல்கிறேன். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பெருக்கல் வாய்ப்பாடு பிடிபடாமலே ஒன்பதுக்கு வந்துசேரும் பிள்ளைகள் உண்டு. அடுத்த வருஷம் பொதுத் தேர்வு. பள்ளிக்கு ஒரு சதவீதம், மாவட்டத்துக்கு ஒரு சதவீதம், அது குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி. ஆக, ஒன்பதாம் வகுப்பு முடிகிறபோது அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்வார்கள். இங்கே படித்தால் பெயிலாகிவிடுவான், டிசி வாங்கிக்கொள்ளுங்கள், ட்யூட்டோரியலில் சேர்த்துத் தனித்தேர்வராக எழுதவையுங்கள் என்பார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மாற்று ஏற்பாடு என்பது இதுதான்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் என் வகுப்பில் ஒன்பதில் 46 பேர் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரானபோது 41. தேர்வன்று வந்தது 40 பேர். 2014 முடிவில் அந்த 40 பேரும் பாஸ். நூறு சதவீதம் என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். நானும் போய் வாங்கினேன். கை தட்டினார்கள். 46ஐ 40 ஆக்கியது எப்படி என்று அந்த மேடையில் ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விட்டுப்போன ஆறு பேரில் ஒரு பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு டிசி வாங்க வந்தார். என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நான் சொன்ன முடிவு இல்லை அது. ஆனால், “வாங்காதீங்க, உங்க பையனை நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லவும் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அந்தப் பையன் தனித்தேர்வு எழுதவே இல்லை. சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்சல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டு வணக்கம் வைத்தான். அந்த வணக்கத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

உங்கள் பத்திரிகை மீது எனக்குப் பழைய வருத்தமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப் பாடத் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை. நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள், எல்லாரும் பதறினார்கள். பலர் மாதக்கணக்கில் பள்ளிக்கே வராதவர்கள் என்றும் அப்போதே பேசப்பட்டது. மே மாதம் முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 94.03, எங்கள் மாவட்டம் 97.85 சதவீதத்தோடு முதலிடம் என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். மார்ச்சில் வராத பிள்ளைகள் மே மாதக் கணக்கில் எங்கே என்று ஒரு வரி இல்லை. சதவீதம் எடுப்பது தேர்வு எழுதியவர்களை வைத்து. வராதவர்கள் அதில் வகுக்கும் எண்ணாகக்கூட இல்லை. கணக்கு டீச்சருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. இரண்டு மார்க் குறைந்ததற்கு அழுத பிள்ளைகளைப் பார்த்தவள் என்பதால் அன்றே அதை வரவேற்று உங்களுக்குக் கடிதம் போட்டேன். அது வரவில்லை. வராவிட்டால் போகட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு ரேங்க் போடுவதை விட்ட கையோடு மாவட்டங்களுக்கு ரேங்க் போடுவதில் மும்முரமாகிவிட்டீர்கள். அந்தப் பாரமும் கடைசியில் அதே பிள்ளைகள் தலையில்தான் இறங்குகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். நான் 1988இல் வேலைக்குச் சேர்ந்தபோது, சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பாதித் தூக்கத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். பகலில் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவோம். அதே வருஷம்தான் மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் எங்கள் பக்கம் தொடங்கியது. எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்து கெஞ்சி, மதியம் சத்துணவு உண்டு, புத்தகம் சும்மா கொடுப்பார்கள் என்று சொல்லிக் கூட்டிவந்த பிள்ளைகள். காமராஜர் பிறந்த மண்ணில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவர என்ன பாடு படவேண்டியிருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பிள்ளையை, ஒரு சதவீதப் புள்ளிக்காக வாசல்வரை கூட்டிப்போய் விடுவதை நான் எப்படிச் சாதனை என்று ஒத்துக்கொள்வேன்?

அரசுப் பள்ளியைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் என் தங்கைகளும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். நீங்கள் பாராட்டிய திட்டங்களில் பலவற்றை நானும் கண்ணால் பார்க்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்தது. வெறும் வயிற்றோடு வந்து இரண்டாவது பீரியடில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் நான், அதன் அருமை எனக்குத் தெரியும். கொரோனா முடிந்து 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் தெருவிலேயே சாயங்கால வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் தெரு வகுப்பு என் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. பக்கத்துத் தெருப் பெண் தினமும் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தாள், மாதம் 1,000 ரூபாய்க்கு. எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் அவளிடம்தான் படிக்கக் கற்றான். அப்புறம் சொல்லுங்கள், மெல்லப் படிக்கிற பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு என்றால் அவள் செய்ததல்லவா? உங்கள் முழுப் பக்கத்தில் அவளைப் போன்ற தன்னார்வலர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. காலையில் அடுப்பு மூட்டும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் இல்லை. விருது மேடைப் படங்கள் மட்டும் ஐந்து இருந்தன.

பள்ளிகளுக்கான அன்பழகன் விருது, தலைமை ஆசிரியர்களுக்கான அண்ணா தலைமைத்துவ விருது, செப்டம்பர் 5 நல்லாசிரியர் விருது எல்லாம் கொடுக்கட்டும், உழைக்கிறவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். சிபாரிசே இல்லாமல் அவற்றை வாங்கிய நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு பார்க்காமல், மெல்லக் கற்கிற பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, 35 மார்க்குக்கு வழி காட்டி அனுப்புகிறவர்கள் அவர்கள். 46 பேரையும் தேர்வுக்கு உட்காரவைத்து 42 பேரைத் தேறவைத்த பள்ளி உங்கள் பட்டியலில் 91 சதவீதம் என்று கீழே போய்விடும். ஆறு பேரை அனுப்பிவிட்ட என் பள்ளி மேலே நின்றது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த வருஷம் முடிவு வரும்போது நீங்கள் போடும் மாவட்டப் பட்டியலில், தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். முந்தைய வருஷம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டே எண்கள். இப்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதை ஏற்றுவதற்கே ஆசிரியர்களின் பாதி நேரம் போகிறது. கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது, உங்களைப் போன்ற பத்திரிகை கேட்டால் நிச்சயம் கொடுப்பார்கள்.

அதோடு, தேறாத பிள்ளைகள் அதே வருஷம் மறுபடி எழுதும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியையும் அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள். இந்த முறை உள்பக்கத்தில் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது, கண்ணாடி போட்டும் தேடித்தான் எடுத்தேன். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு நான் போய்ச் சொன்ன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)