விண்ட்ஷீல்டின் மூலையில் இரண்டு வரி அச்சிட்டுத் தாருங்கள்

பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு விண்ட்ஷீல்டு, அதாவது முன்பக்கக் காற்றுத் தடுப்பு, செய்யும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் செய்து அனுப்பும் விண்ட்ஷீல்டை வீட்டில் வைத்து அறுத்துக் குட்டையாக்குகிறவர்களில் நானும் ஒருவன். என்னைப் போல் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அப்படியிருந்தும் நான் வாங்கிய எந்த விண்ட்ஷீல்டோடும் இதைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அழகுக்காக யாரும் அறுப்பதில்லை. மலைச்சரிவில் நின்றபடிதான் ஓட்டுகிறோம். வண்டி மேட்டில் ஏறும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, உயரமான விளிம்பு நெஞ்சில் வந்து இடிக்கிறது. சமதளத்தில் வேறு தொல்லை. விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று வந்து ஹெல்மெட்டில் அறைந்தால் தலை ஓயாமல் நடுங்கும், இறங்கும்போது கழுத்து விறைத்துக் கிடக்கும். விளிம்பு சரியாகக் கண்மட்டத்தில் நின்றுவிட்டாலோ, பனி ஒட்டிய பிளாஸ்டிக் வழியாகவும் பார்க்க முடியாது, அதற்கு மேலாகவும் பார்க்க முடியாது.

நான் முதலில் அறுத்தது பழைய வண்டி ஒன்றின் விண்ட்ஷீல்டு. குளிர் உறைந்த கராஜில், மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, ஜிக்சா என்னும் மின்ரம்பத்தை எடுத்தேன். எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றே நினைத்திருந்தேன். நான்கு விரல் தூரம்கூடப் போயிருக்காது, 'சட்'டென்று ஒரு சத்தம். விரிசல் கோட்டை விட்டு விலகி, நேரே கீழிருந்த போல்ட் துளை வரை ஓடிவிட்டது. மேசையில் விழுந்திருந்த தூளைத் தொட்டுப் பார்த்தேன். கல்லுப்பு மாதிரி நொறுநொறுவென்று இருந்தது. அது அக்ரிலிக் என்னும் வேறு பிளாஸ்டிக். குளிரில் இன்னும் நொறுங்கும் பொருள் அது.

அடுத்து வாங்கியது பாலிகார்பனேட். அதை முதல் நாள் இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். வெட்டும் கோட்டை ஒட்டி இருபுறமும் மரச்சட்டம் வைத்துப் பிடித்தேன். அறுபட்ட தூள் இழைப்புளிச் சீவல் போலச் சுருள் சுருளாக வந்தபோதுதான் மூச்சு வந்தது. இதற்கும் ஒரு குணம் உண்டு. பிளேடு வேகமாக ஓடினால் சூட்டில் இளகி, வெட்டிய இடமே பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு அறுக்க வேண்டும். பிறகு அரம், 120, 220, 400 என்று உப்புத்தாள், கடைசியில் விளிம்புக்கு ரப்பர் பீடிங். அக்ரிலிக் விளிம்பைத் தீயில் காட்டி மெருகேற்றலாம். பாலிகார்பனேட்டில் அதையே செய்தால் உள்ளே உறிஞ்சியிருக்கும் ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்.

ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்கு ஆகாது. பார்வைக்கோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே முதல் வேண்டுகோள்: கீழ் மூலையில், வண்டியின் உடலுக்குள் மறையும் பகுதியில், இது எந்தப் பொருள் என்று அழியாத எழுத்தில் பொறித்துத் தாருங்கள்.

இரண்டாவது, உள்பக்கத்தில் மெல்லிய வெட்டுக்கோடுகள். குறைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. -20 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று பட்டால் தோலுக்கு அது ஏறக்குறைய -35 போல உறைக்கும். ஒரே மூச்சில் ஒரு சாண் அறுத்துவிட்டு, பிறகு கைவிரல் மரத்துப்போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இருந்தால், ஒன்றை அறுத்து, ஓட்டிப் பார்த்து, போதாவிட்டால் அடுத்ததற்குப் போவோம். வளைவை எங்கே திருப்பினால் காற்று எப்படி ஓடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் அட்டையை வெட்டி வைத்துக் கண்ணளவில் போடுகிறோம்.

இன்னொன்றையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். பாலிகார்பனேட்டுக்குப் பெட்ரோல், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அதில் விடும் திரெட்லாக்கர் பசை எதுவுமே ஆகாது. புதுத் துளை போட்டு, திரெட்லாக்கர் விட்டு இறுக்கிய நண்பர் ஒருவரின் விண்ட்ஷீல்டில், சில நாளில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக நட்சத்திரம் போல் விரிசல் கண்டது. துளையும் போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அரை மீட்டர் அகலப் பாலிகார்பனேட், 40 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சுருங்கும்.

அறுத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அறுக்கிறவன் பொறுப்பு அது. நான் கேட்பது பொருளின் பெயரும் சில கோடுகளும்தான்.

விரிசல் விட்ட அந்த முதல் விண்ட்ஷீல்டைத் தூக்கி எறியவில்லை. கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. விரிசல் எங்கே தொடங்கி எந்தத் துளையில் நின்றது என்று பார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், பத்திரமாகக் கட்டி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் நின்று ஓட்டும் ஒருவன்